தம்புராவுக்கு விட்ட இடம்

1

இன்று மாசி அனுஷம். முந்தாநாள் பெய்த பனி எங்கள் நியூ ஜெர்சி வீட்டு வாசல் ஓரத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேத்தியை மஞ்சள் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மணி எட்டு. மதுரையில் இப்போது சாயங்காலம் ஆறரை. சாமி கச்சேரி நடந்துகொண்டிருக்கும்.

ஊரில் இருக்கிறவர்கள் படிக்கும்படி எதையாவது எழுதும்மா, பொழுது போகும் என்று மகன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பனியைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் எழுதுவேன் என்று நினைத்திருப்பான். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

சாமி என்று எங்கள் வீட்டில் சொல்வது ஒரு பாட்டுக்காரரை. பெயரைச் சொன்னாலும் உங்களில் பலருக்குத் தெரியாது. தமிழில் கீர்த்தனை கட்டி, ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். அவர் காலமான நட்சத்திரத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் மதுரையில் கச்சேரி நடக்கும். அன்றைக்கு மேடையில் அவருடைய பாட்டுகளை மட்டும்தான் பாட வேண்டும். வேறு யார் பாட்டும் ஏறக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள கட்டு.

அந்தக் கச்சேரியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

எனக்குப் பிறந்த வீடு சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். சாமி கடைசியாக வந்து படுத்தது எங்கள் பூட்டனார் வீட்டில். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மங்களம் கட்டினாராம். நாலே அடி. பாட அவருக்குக் குரல் எழும்பவில்லை. "உள்ள இருக்கிற பிள்ளை ஒன்று பாடட்டும்" என்றாராம். வயசுக்கு வந்த பெண்கள் முன்னால் வராத காலம். வீட்டுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் முனக முனகக் கேட்டு, பாடினாள். பாட்டு முடியும்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதிலிருந்து வழக்கம். கச்சேரியின் கடைசிப் பாட்டு முடிந்ததும் வித்வான் கையைக் கட்டிக்கொள்வார். மிருதங்கம், பிடில் எல்லாம் ஓய்ந்துவிடும். தம்புரா மட்டும் போய்க்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, சனங்களோடு சனமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், அந்த மங்களத்தைப் பாடுவாள். அது முடிந்து சூடம் காட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவள் உயிரோடு இருக்கும்வரை வேறொருத்தி வாய் திறக்கக் கூடாது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷமும், நான் பக்கத்தில் இருந்தும், தம்புரா மட்டும்தான் தனியாக ஒலித்தது. பாட்டு பாடுகிற நேரத்துக்கு சனங்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போனபின் அது எனக்கு வந்தது.

நான் வாயில்லாதவள். பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க மாட்டேன். பசுமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே காலத்தைக் கழித்தார். ஆனால் அந்த நாலு அடிக்கு மட்டும் எனக்குக் கூச்சம் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொள்வேன். வந்தவர்க்கும் மங்களம், வராதவர்க்கும் மங்களம் என்று ஓர் அடி வரும். அந்த இடத்தில் குரல் மேலே போகும். யாருடைய குரலோ என்று நானே கேட்டுக்கொண்டிருப்பேன். வருஷத்தில் ஒரு நாள் நான் பேசினேன் என்றால் அன்றைக்குத்தான்.

3

என் வீட்டுக்காரர் காலமானதும் மகன் என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டான். கிளம்பும்போது என் தம்பி சொக்கலிங்கத்திடம் கேட்டேன். அவன் வில்லாபுரத்தில் இருக்கிறான். எனக்கு எட்டு வயசு இளையவன். கச்சேரி நடத்துகிற சபாவில் எங்கள் வீட்டுக்காக நின்று பார்க்கிறவன் அவன்தான்.

"சொக்கு, நான் இல்லாதப்ப என்ன செய்வீங்க?"

"அம்மா படுத்திருந்தப்ப என்ன செஞ்சோமோ அதான்க்கா. தம்புராவ மட்டும் விடுவோம். உன் எடம் உனக்குத்தான். எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்."

"ரெண்டு வருசத்துல வந்துருவேன்."

"இருபது வருசமானாலும் வா. தம்புரா எங்க போகப்போகுது."

இரண்டு வருஷத்தில் வர முடியவில்லை. இங்கே தங்குவதற்கான கிரீன் கார்டு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். கார்டுக்குக் கைரேகை வேண்டும் என்று கூப்பிட்டார்கள். என் விரலைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள் அந்த ஆபீஸ் பெண். ரேகை விழவில்லை. ஏதோ களிம்பு தடவிப் பார்த்தாள். "மதர், நோ லைன்ஸ்" என்று சிரித்தாள். சின்ன வயசிலிருந்து வெற்றிலை கிள்ளி, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். அதற்குள் பேத்தி பிறந்தாள். அவளை விட்டுவிட்டு வர முடியவில்லை. இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

ஆனால் ஒரு மாசி அனுஷத்தையும் நான் விட்டதில்லை. மதுரையில் இரவு எட்டு மணிக்குக் கச்சேரி முடியும். இங்கே அப்போது காலை ஒன்பதரை. இந்த வீடு மரச்சுவர் வீடு. நாம் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரர் "பிளெஸ் யூ" என்று சொல்வது கேட்கும். அதனால் வாசல் பக்கத்தில் குளிர்கோட்டுகளைத் தொங்கவிடுகிற அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கனத்த கோட்டுகள் சத்தத்தைக் குடித்துவிடும். அங்கே ஒருத்தி பாட வேண்டிய இடத்தில் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், சனங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நான் இங்கிருந்து பாடுவேன்.

ஒரு தடவை பள்ளிக்கூடம் லீவு. பேத்தி கதவைத் திறந்துவிட்டாள்.

"அப்பத்தா, ஆர் யூ ஹைடிங்?"

"இல்லடா. பாடுறேன்."

"யாருக்கு?"

மதுரையில் இருக்கிறவங்களுக்கு என்றேன். அவள் கோட்டுகளை விலக்கி உள்ளே பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அவளுடைய அப்பாவுக்கும் இந்தப் பாட்டு ஓர் அடிகூடத் தெரியாது. பெண் பிள்ளை எனக்கு இல்லை.

ஒவ்வொரு வருஷமும் மறுநாள் தம்பி போன் பண்ணுவான். "தம்புரா விட்டோம்க்கா. ஒரு சத்தமில்ல. எல்லாரும் உன்னத்தான் கேட்டாங்க." நான் அதை வைத்துக்கொண்டு அடுத்த மாசிவரை இருப்பேன்.

4

அதற்கப்புறம் அவன் செல்போன் வாங்கினான். அந்த வருஷம் மறுநாள் பண்ணவில்லை. அன்றைக்கே, ஒன்பதரை ஆகப்போகும்போது பண்ணினான். கோட்டு அறைக்குள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஹால்ல இருக்கேன். கடைசிப் பாட்டு முடிஞ்சிருச்சு. தம்புரா கேக்குதா?"

கேட்டது. சபாவில் எத்தனையோ வருஷம் கேட்ட சத்தம். அதற்குப் பின்னால் எங்கேயோ சனங்கள் பேசுகிற இரைச்சலும் கேட்டது.

"பாடுக்கா. மைக்குக்கிட்ட வச்சுப் பிடிச்சிருக்கேன்."

நான் பாடினேன். கோட்டுகளுக்கு நடுவில் நின்று, கடல் தாண்டி மதுரைக்குப் பாடினேன். பாட்டு முடிந்தது. பிறகு, "எல்லாரும் கேட்டாங்கக்கா. அழுதுட்டாங்க" என்றான். அவன் குரலே ஒரு மாதிரி இருந்தது.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம்தான் காரணம். அடுத்த வருஷம் எப்படியும் நேரில் போய்ப் பாடிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். தம்பியிடம் சொன்னபோது, "மாசியில என்னக்கா வேல? சித்திரையில வா. மீனாட்சி கல்யாணம், எதிர்சேவைன்னு ஊரே ஜேஜேன்னு இருக்கும்" என்றான். மகனும், "நாலு அடிப் பாட்டுக்கு இம்புட்டு தூரம் போகணுமாம்மா?" என்றான். வாயில்லாதவள் ஒன்றைக் கேட்டால் பிள்ளைகளுக்கு மறுக்கத் தெரியாது. டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டுக் கார்டு ஆபீசுக்கு எழுதுகிற பேப்பரில் பயணத்துக்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில் குடும்ப விசேஷம் என்று எழுதினான். சரி, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

5

வில்லாபுரம் வீட்டில் போய் இறங்கினேன். தம்பி பெண்டாட்டி மல்லிகா, "வாங்க மதினி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுடைய ஒரே மகள் உமா உள் அறையில் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டிபன் டப்பா அளவில் ஒரு கரண்டு பெட்டி, அதுவே தம்புரா மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. அதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. தம்புரா சத்தம் எல்லாம் ஒன்றுபோலத்தானே என்று விட்டுவிட்டேன்.

கச்சேரி அன்றைக்கு மண்டபத்தில் பாய்க்குப் பதில் நாற்காலி போட்டிருந்தார்கள். கேபிள் டிவிக்காரர்கள் இரண்டு பெரிய விளக்கு வைத்திருந்தார்கள். முதலில் அரைமணி நேரம் உமா பாடினாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியவள். சுருதி விலகாமல், அலட்டாமல் பாடினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் பெரிய வித்வான் வந்தார்.

என் பக்கத்தில் பேச்சியம்மாள் வந்து உட்கார்ந்தாள். பசுமலையில் அடுத்த வீட்டுக்காரி. ஒரு வருஷமும் இந்தக் கச்சேரியைத் தவறவிடாதவள்.

"என்னத்தா அமெரிக்கா, நெறம் ஏறியிருக்கு, சதை ஏறலயே. அங்க ரொட்டிய மட்டும் குடுத்து வச்சிருக்காகளா?"

"உனக்குச் சேத்து ஏறியிருக்கே பேச்சி, போதாதா?"

"அட, வாய் வந்திருச்சே. கடல் தாண்டுனா வந்துரும் போல."

சிரித்துக்கொண்டே பாட்டுக் கேட்டோம். ஒவ்வொரு பாட்டும் முடிய முடிய எனக்குள் ஏதோ ஏறிக்கொண்டே வந்தது. தனி ஆவர்த்தனத்தில் பாதிச் சனம் காப்பிக்கு எழுந்து போனது. நான் போகவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏழரை இருக்கும், மல்லிகா குனிந்து வந்தாள்.

"மதினி, முதப் பந்தி போட்டாச்சு. கூட்டம் வரதுக்கு முன்னாடி சாப்பிட்டு வந்துருவோம், வாங்க."

"மங்களம் பாட வேணாமா? இப்ப எப்படி எந்திரிக்கிறது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தம்பி நின்ற பக்கம் பார்த்தாள். தனியாகவே பந்திப் பக்கம் போய்விட்டாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து வைத்துக்கொண்டேன். தம்புரா தனியாக வரட்டும் என்று காத்திருந்தேன்.

வித்வான் அடுத்த நொடியே மங்களம் ஆரம்பித்துவிட்டார். எல்லாக் கச்சேரியிலும் பாடுகிற மங்களம். அது சாமி பாட்டுக்கூட இல்லை.

கண்ணைத் திறந்தேன். மிருதங்கக்காரர் உறையை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சனங்கள் எழுந்தார்கள். யாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கவில்லை. இழுத்து வைத்த மூச்சை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"பேச்சி, ஏன் எல்லாரும் எந்திரிக்கிறாங்க?"

"முடிஞ்சிருச்சுல்ல. பந்தியில எடம் பிடிக்க வேணாமா?"

"மங்களம்?"

"இப்பத்தான பாடுனாரு. காது மந்தமாப் போச்சா உனக்கு?"

"எங்க வீட்டு மங்களம், பேச்சி."

அவள் கையில் எடுத்த பையைத் திரும்ப மடியில் வைத்தாள்.

"நீதான வேணாம்னு சொல்லிவிட்ட?"

"நானா?"

"நீ போன மறு வருசமே சொன்னாங்களே. அக்கா அங்கயே தங்கிட்டாங்க, அந்த உரிமைய சபாவுக்கே விட்டுக் குடுத்துட்டாங்கன்னு. உன் தம்பிதான் மைக்குல சொன்னாரு. பெரிய மனசுன்னு நாங்கல்லாம் கை தட்டுனோம்."

"தம்புரா?"

"அதெல்லாம் அப்பவே நின்னு போச்சு."

எனக்கு ஒரே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "போன வருசம் போன்ல பாடுனேனே, கேட்டுச்சா உங்களுக்கு?"

"எந்தப் போனு?" என்றாள் பேச்சியம்மாள்.

6

தம்பி பந்தி நடக்கிற இடத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் வாளியை இறக்கி வைத்தான். நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் அடுக்கி வைக்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

"போன வருசம் எங்க நின்னுடா பேசுன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "இங்கதான்க்கா. இந்த ரூம்ல."

"தம்புரா?"

"பாப்பாவோட பெட்டி. அந்த அண்டா மேல வச்சிருந்தேன்."

"கேட்டவங்க?"

"யாருமில்லக்கா."

"அழுதாங்கன்னு சொன்ன."

"நான் அழுதேன்க்கா."

வெளியே யாரோ சாம்பார் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான்.

"புது செகரட்டரி ஒத்துக்கலக்கா. அம்புட்டு பெரிய வித்வானு, கையக் கட்டிட்டு உக்காந்திருப்பாரான்னான். கேபிள்ல போடுறோம், வெறுந் தம்புராவ ரெண்டு நிமிசம் எவன் பாப்பான், டிவிய அமத்திருவான்னான். இத நீங்க விட்டுக் குடுத்தா உங்க பொண்ணுக்கு வருசா வருசம் முன் கச்சேரி தாரோம்னாங்க. அவளுக்கு வேற எவன்க்கா மேட தருவான்? வெத்தலக் கொடிக்காக்காரன் மகளுக்கு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன்."

"குடுத்துட்டு, அங்க போயி என்னத்த வச்சுக்கிட்டு இருப்ப? அதான் கேக்கல."

 அவன் சொன்னது நிஜம். உமாவுக்காக என்றால் நான் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்பேன். ஆனால் கொடுக்கிற வேலையை அவன் எனக்கு விடவில்லை. என் பேரைச் சொல்லி அவனே கொடுத்து, நான் கொடுத்ததற்குக் கைதட்டலும் வாங்கிவிட்டான். இல்லாத தம்புராவை வருஷா வருஷம் போனில் எனக்கு அனுப்பியும் வைத்தான். எடுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். எடுத்த இடத்தில் ஒரு பொம்மையை வைத்துவிட்டு, வைத்துக்கொள் என்று கொடுத்ததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அத்தனை வருஷம் நான் பாடினேன். அங்கே சனங்கள் கேசரிக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

"ஏசிரு அக்கா" என்றான். "எதையாவது சொல்லி ஏசிரு. சும்மா நிக்காத."

எனக்கு ஏசத் தெரியாது. இது அவனுக்குத் தெரியும். அவன் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அப்போது உமா பட்டுப் பாவாடை சரசரக்க ஓடி வந்தாள். "அத்தை, உங்களத் தேடிக்கிட்டே இருக்கேன். எப்படிப் பாடுனேன்? நெசத்தச் சொல்லுங்க."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அவளுடைய அப்பா அவள் தலைக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருந்துச்சுடா கண்ணு" என்றேன். பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

7

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவன் வீட்டிலேயே இருந்தேன். மகன் போட்டுக் கொடுத்த டிக்கெட்டை மாற்ற எனக்குத் தெரியாது. தம்பி எனக்குப் பிடிக்கும் என்று தினமும் விடியற்காலையில் போய்ப் பதநீர் வாங்கி வந்தான். மல்லிகா என் துணியைக்கூடத் துவைக்க விடவில்லை. உமா பாடும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அத்தைக்குத் தலைவலி என்று அவளுடைய அம்மா சொல்லிவைத்திருந்தாள். பேச்சு ஒன்றும் குறையவில்லை. விலைவாசி பேசினோம், சோழவந்தானில் விற்ற கொடிக்காலில் யாரோ வீடு கட்டுவதைப் பேசினோம். சாமி பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

பேச்சியம்மாள் ஒருநாள் வந்தாள். "எல்லார்ட்டயும் சொல்லவா? உன்னக் கேக்காமதான் செஞ்சாங்கன்னு?" என்று கேட்டாள். அவள் சொன்னால் பசுமலை முதல் வில்லாபுரம்வரை ஒரே நாளில் தெரிந்துவிடும். சபாவில் தம்பி தலைகாட்ட முடியாது. உமாவின் அரைமணி நேரமும் போய்விடும். வேண்டாம் என்றேன். "நல்லா இருக்கு உன் ஞாயம்" என்று வெற்றிலையை மென்றுகொண்டே எழுந்து போனாள். இங்கே எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். தம்பிக்கு வேறு பெயர்தான் போட்டிருக்கிறேன். உமாவும் அவள் பெயர் இல்லை.

கிளம்பிய அன்றைக்குச் சென்னைக்குப் போகிற காலை ரயிலில் தம்பி என்னை ஏற்றிவிட்டான். பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். இறங்கிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.  பக்கத்து இருக்கைக்காரர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே அவனும் நடந்தான்.

"அடுத்த அனுசத்துக்கும் போன் பண்ணுவேன்க்கா. எடுப்பல்ல?"

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் சாமி கச்சேரியைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அம்மா போனபிறகு அவனுக்கு நான்தான் சோறு போட்டேன். அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. மீசையெல்லாம் நரைத்திருந்தது.

"பண்ணு" என்றேன். "ஆனா எங்க நின்னு பேசுறேன்னு மொதல்ல சொல்லு. யார் கேக்குறாங்கன்னும் சொல்லு. பாடுறதா வேணாமான்னு அப்பறம் நான் பாத்துக்குறேன்."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.